ஒரு வாளியா, இரண்டு வாளியா? மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃப் கோட்டிங்: நாமே அடிப்பவர்களுக்கு ஒரு மதிப்பீடு

தாம்பரம், ஆவடி, மாங்காடு என்று சென்னையைச் சுற்றித் தனிவீடு வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசி பிறந்தால் ஒரு வேலை கூடிவிடும். மழை விட்டதும் ஹால் சீலிங்கை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஃபேன் கொக்கியைச் சுற்றி ஒரு பழுப்பு வட்டம், சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் பூத்த உப்பு, அலமாரிக்குப் பின்னால் ஓதம். ஆளைக் கூப்பிட்டால் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்வார். ஹார்டுவேர் கடைக்குப் போனால் 20 லிட்டர் வெள்ளை வாளியைக் காட்டி, "நீங்களே அடிச்சிடலாம் சார், பெயின்ட் மாதிரிதான்" என்பார்கள்.

அந்த வாளியைப் பற்றியதுதான் இந்த மதிப்பீடு. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எலாஸ்டோமெரிக் கோட்டிங் என்பது அதன் முழுப் பெயர். டாக்டர் ஃபிக்ஸிட் ரூஃப்சீல், ஏஷியன் பெயின்ட்ஸ் ஸ்மார்ட்கேர் டேம்ப் ப்ரூஃப் எல்லாம் இந்த வகைதான். உள்ளூர்க் கம்பெனி வாளிகளும் நிறைய உண்டு. எந்தப் பெயர் உசத்தி என்ற பட்டிமன்றத்தை விட, எந்தப் பெயராக இருந்தாலும் ஒரு சதுர அடிக்கு எவ்வளவு போகிறது என்பதில்தான் மாடியின் தலையெழுத்து இருக்கிறது. "அடிச்சேன், ஒரு மழைக்குக்கூடத் தாங்கல" என்று வரும் புகார்களில் பெரும்பங்கு அளவுக் குறைவில் போய் முடியும்.

வாளிக்குள் இருப்பது என்ன

மூடியைத் திறந்தால் இட்லி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுவிலான பதத்தில் வெள்ளைக் குழம்பு. நல்ல சரக்கில் மெல்லிய இழைகள் கலந்திருக்கும். வாளி நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் கனமான பொடி அடியில் தங்கிவிடும். அதனால் ஒரு சட்டக் கட்டையை அடி வரை விட்டு ஐந்து நிமிடமாவது கிளற வேண்டும். மேலாகக் கிளறி அடித்தால் முதல் பாதி வாளி பசையாகவும் மறு பாதி சுண்ணாம்பு போலவும் போகும்.

காய்ந்தபின் இது ரப்பர் போன்ற ஒரு தோலாக நிற்கும். பகல் வெயிலில் கான்கிரீட் விரிந்து இரவில் சுருங்கும்போது மயிரிழை விரிசல்கள் திறந்து மூடும். சாதாரண பெயின்ட் அங்கே கிழியும், இது இழுபட்டுக் கொடுக்கும். வாங்கும் பணம் அந்த இழுவைக்குத்தான்.

இழுவை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பால் பாக்கெட்டை வெட்டி, கழுவி, விரித்து, அதன்மேல் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கோட்டிங்கை நகத்தின் கனத்துக்குத் தடவி மூன்று நாள் நிழலில் விடுங்கள். பாலித்தீனில் இது ஒட்டாது, தோலாக உரிந்து வரும். இரண்டாக மடித்து மடிப்பை நகத்தால் அழுத்துங்கள். வெடித்தால் அது கோட்டிங் இல்லை, பொடி அதிகம் போட்ட பெயின்ட். வெடிக்காவிட்டால் ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் கொஞ்சம் மிருதுவானால் பரவாயில்லை. பிசுபிசுத்து விரலில் வெள்ளையாக ஒட்டினால் மழைக்கு ஆகாது. இரண்டு வாளி வாங்குவதற்கு முன் ஒரு லிட்டர் டப்பா வாங்கி இந்தச் சோதனையைச் செய்துவிடுவது புத்திசாலித்தனம். அப்படியே தயாரிப்புத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடையின் பின்கட்டில் தகர ஷெட்டில் இரண்டு கோடை கண்ட வாளி உள்ளே தயிராகத் திரிந்திருக்கும்.

லேபிள் சொல்வதும் மாடி கேட்பதும்

லேபிளில் பெரும்பாலும் "இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு இத்தனை சதுர அடி" என்று இருக்கும். 25 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். 100 சதுர அடி என்பது சுமார் 9.3 சதுர மீட்டர். அதில் 4 லிட்டர் பரப்பினால் ஈரத்தில் 0.43 மி.மீ. கனம். தண்ணீர் ஆவியானபின் ஏறத்தாழ பாதிதான் தங்கும், அதாவது 0.2 மி.மீ. இரண்டு ஜெராக்ஸ் தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்த கனம் அது.

வழவழப்பான தரையில் இது போதும். நம் மொட்டை மாடிகள் அப்படி இல்லை. தேய்ந்த சிமென்ட் பூச்சில் மணல் துகள் அரை மி.மீ., ஒரு மி.மீ. தலை நீட்டிக்கொண்டிருக்கும். 0.2 மி.மீ. தோல் பள்ளத்தில் தேங்கும், மேட்டில் மெலியும். அந்த மெலிந்த முனைகளில்தான் முதல் ஓட்டை விழும். எனவே நாம் வைக்க வேண்டிய கணக்கு 100 சதுர அடிக்கு 6 லிட்டர். அதில் 1 லிட்டர், தண்ணீர் சேர்த்து முதலில் அடிக்கும் அடிப்பூச்சாக, அதாவது ப்ரைமராகப் போகும், மீதி 5 லிட்டர் மூன்று கோட்டாகப் போகும். காய்ந்த கனம் கால் மி.மீ.க்குச் சற்று மேல்.

20க்கு 25 அடி மாடியை எடுத்துக்கொள்வோம். தரை 500 சதுர அடி. ஆனால் கோட்டிங் தரையோடு நிற்காது, கைப்பிடிச் சுவரில் ஓர் அடி உயரம் ஏற வேண்டும். சுற்றளவு 90 அடி என்றால் அது இன்னொரு 90 சதுர அடி. ஆளை வைத்துச் செய்யும்போது பெரும்பாலும் பேச்சில் விட்டுப்போவது இந்த 90தான், தண்ணீர் இறங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். ஆக 590 சதுர அடிக்கு 35.4 லிட்டர். மூலை முழுக்க வலை ஒட்ட இன்னும் 2 லிட்டர். இரண்டு வாளி வாங்கினால் ரோலரில் ஊறியது போக 2 லிட்டர் மிஞ்சும். "ஒரு வாளியே போதும்" என்று இழுத்து அடித்தால் ப்ரைமர் போக 14 லிட்டர்தான் இருக்கும். காய்ந்தால் 0.13 மி.மீ. வெள்ளையாகத் தெரியும், மழையை நிறுத்தாது.

பணக் கணக்கும் இதிலிருந்தே வரும். வாளி 5,000 ரூபாய் என்றால் இரண்டுக்கு 10,000. கண்ணாடி இழை வலை, விரிசல் அடைக்கும் பேஸ்ட் 1 கிலோ, சிமென்ட் கலவையில் சேர்க்கும் பால் போன்ற லேடெக்ஸ் 1 லிட்டர், 9 அங்குல ரோலர், 5 அங்குல பிரஷ், கம்பி பிரஷ் இரண்டு, பிளீச்சிங் பவுடர் என்று சில்லறைச் சாமான் 2,000 வரை. மொத்தம் 12,000. ஒப்பந்தக்காரர் சரக்கோடு சதுர அடிக்கு 40 ரூபாய் சொன்னால் அதே 590 சதுர அடிக்கு 23,600. மிச்சம் 11,600. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், எண்கள் மாறினாலும் ஏறத்தாழ பாதி மிச்சம் என்பது பெரிதாக மாறாது. ஆனால் வாளியைக் குறைத்து இன்னும் 5,000 மிச்சம் பிடிக்கப் போனால் அடுத்த வருடம் உரிந்த தோலைச் சுரண்டும் வேலையும் சேர்த்து வரும். சுரண்டுவது அடிப்பதைவிட மூன்று மடங்கு வேலை.

யார் வாங்க வேண்டாம்

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சீலிங்கில் கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் பெயர்ந்து விழுகிறதா? அது கோட்டிங் விஷயமே இல்லை, கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய விஷயம். மேலே வெள்ளை அடித்தால் துரு மறைந்த மாதிரி இருக்கும், உள்ளே அரித்துக்கொண்டேதான் இருக்கும்.

மழை விட்டு 48 மணி நேரம் கழித்தும் மாடியில் குட்டை நிற்கிறதென்றால் வாட்டம் சரியில்லை. அக்ரிலிக் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறினால் மெல்ல இளகி, ஒட்டிய இடத்திலிருந்து தூக்கும். குழாய் வாய்க்கு 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது இறக்கம் வேண்டும். சின்னக் குட்டை என்றால் 1 கிலோ சிமென்டுக்கு 3 கிலோ சலித்த மணல், கலக்கும் தண்ணீரில் 100 முதல் 150 மில்லி லேடெக்ஸ் சேர்த்துப் பூசி மேடாக்கலாம். ஓரத்தை ஒன்றுமில்லாமல் தேய்த்துவிட்டால் அங்கேதான் பொரியும். ஓரத்தை உளியால் கால் அங்குலம் கொத்தி, பூச்சு அதில் உட்காரும்படி விடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் காட்டி, பிறகு நன்றாகக் காயவிட்ட பின்தான் கோட்டிங். பாதி மாடியே குட்டை என்றால் கொத்தனார்தான் சரி. இல்லாவிட்டால், குட்டையைத் தாங்கும் பாலியூரித்தேன் வகைக்குப் போக வேண்டும், விலை கூட.

தட்டோடு பதித்த பழைய வீடுகளுக்கு இன்னொரு சிக்கல். ஓட்டுக்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான அடுக்கு இருக்கும். அது பஞ்சு மாதிரி, ஐப்பசி மழையைக் குடித்துவிட்டு மாசி வரைக்கும் ஈரமாக இருக்கும். மேலே தோல் போட்டு மூடினால் வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி, போக வழியில்லாமல் தோலைக் கொப்புளமாகத் தூக்கும். சுத்தியல் கட்டையால் ஓட்டைத் தட்டிப் பாருங்கள். "டொப்" என்று பொள்ளலாகக் கேட்கும் ஓடுகள் நாலைந்து என்றால் பெயர்த்து மாற்றலாம். மாடி முழுக்க அப்படிக் கேட்டால் வாளியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். சந்துகள் மட்டும்தான் பிரச்சினை என்றால், சந்தைச் சுரண்டி லேடெக்ஸ் சேர்த்த சிமென்ட் அடைத்து, பங்குனிக்குப் பிறகு கோட்டிங் அடித்தால் ஓடு நன்றாகவே பிடித்துக்கொள்ளும்.

குடிதண்ணீர்த் தொட்டியின் உள்ளே இதை அடிக்கக் கூடாது. பாத்ரூம் டைல்ஸுக்குக் கீழே அடிக்கவும் இது இல்லை. அதற்குச் சிமென்டும் பாலிமரும் கலந்து அடிக்கும் இரண்டு பாக வகை இருக்கிறது, விலையும் குறைவு.

அடிப்பதற்கு முன்பான வேலை

தண்ணீர் மாடியிலிருந்துதான் வருகிறதா என்பது முதல் கேள்வி. தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் சுவரோரம் கொட்டுகிறதா, ஏசி ஸ்டாண்டு போல்ட் போட்ட துளை திறந்திருக்கிறதா, சோலார் பேனல் கால்கள் தளத்தில் துளைத்து இறக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கைப்பிடிச் சுவரின் தலையில் நீளவாக்கில் விரிசல் இருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, தரைக் கோட்டிங்குக்குக் கீழே போய் வெளிவரும். தரையை எவ்வளவு அடித்தாலும் அது நிற்காது. சுவர்த் தலைக்கும் கோட்டிங் உண்டு என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் 2 லிட்டரில் பாதி அதற்குப் போகும்.

அடுத்தது கழுவல். பாசி பிடித்த கருப்பு இடங்களில் 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். சீக்கிரம் போகட்டும் என்று பாத்ரூம் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றுபவர்கள் உண்டு. பிளீச்சிங்கோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சுத் திணறும். ஒன்று ஊற்றிய இடத்தில் இன்னொன்று கூடாது.

மாடியில் முன்பு சுண்ணாம்பு வெள்ளை அடித்திருந்தால் அதுதான் பெரிய எதிரி. உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைப் பொடி ஒட்டினால் கோட்டிங் அந்தப் பொடியைத்தான் பிடிக்கும், தளத்தைப் பிடிக்காது. முதல் மழையில் தோசை மாதிரி முழுசாகச் சுருண்டு வரும். சுரண்டி, தேய்த்து, கழுவி, காய்ந்ததும் கை சுத்தமாக வரும் வரை விடக் கூடாது. பழைய பெயின்ட் என்றால் பேக்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று உரியுங்கள். டேப்போடு பெயின்ட் வந்தால் அதையும் எடுத்தாக வேண்டும்.

காய்ந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி மாடியில் மாலை விட்டு, மறுநாள் வெயில் ஏறியபின் எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். மொத்த வேலையிலும் செலவே இல்லாத சோதனை இது, பெரும்பாலோர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

விரிசல்களுக்கு ஒரே மருந்து கிடையாது. மயிரிழை விரிசலுக்கு ப்ரைமரை பிரஷ்ஷால் குத்திக் குத்தி இறக்கினால் போதும். ஒரு மி.மீ. தாண்டியதை உளியால் "வி" வடிவில் கால் அங்குலம் திறந்து, தூசியை ஊதி, ப்ரைமர் தொட்டு, பேஸ்ட்டை அழுத்தி அடைக்க வேண்டும். மேலாகப் பூசிய பேஸ்ட் ஒரு கோடையில் நூலாகக் கழன்று வரும். பேஸ்ட் காயும்போது கொஞ்சம் உள்வாங்கும், மறுநாள் இன்னொரு தடவை நிரப்புங்கள்.

மூலை

நேரத்தைத் தாராளமாகக் கொடுக்க வேண்டிய இடம் தரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை. தளம் கான்கிரீட், சுவர் செங்கல். வெயிலில் இரண்டும் வெவ்வேறு அளவு நகரும். நடுவில் உள்ள கோடு வருடம் முழுக்கத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அங்கே வெறும் கோட்டிங் போதாது. முதலில் மேலே சொன்ன லேடெக்ஸ் கலவையால் மூலையை உள்ளங்கைக் குழிவு போல வளைவாகப் பூச வேண்டும். ஒரு பழைய கண்ணாடி பாட்டிலின் வயிற்றை வைத்து இழுத்தால் அந்த வளைவு அழகாக வரும். அது ஆறியபின் 8 அங்குல அகலத்துக்குக் கோட்டிங்கைத் தாராளமாகத் தடவி, ஈரம் இருக்கும்போதே 6 அங்குல கண்ணாடி இழை வலையை வைத்து, பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்து, மேலே இன்னொரு தடவை பூசுங்கள். வலையின் கண்ணெல்லாம் நிறைந்து, வலை இருப்பது மங்கலாகத் தெரிய வேண்டும். எங்காவது வலை காய்ந்த வெள்ளையாக, பளபளப்பாகத் தூக்கி நின்றால் அதற்கடியில் காற்று இருக்கிறது. வலைத்துண்டு முடியும் இடத்தில் அடுத்தது 2 அங்குலம் ஏற வேண்டும்.

கடையில் வலை கேட்கும்போது கவனம். சுவர்ப் பூச்சுக்குப் போடும் கெட்டியான வலையைத் தருவார்கள். அது மூலையில் மடங்காமல் திமிறும். கொசுவலை மாதிரித் துவளும் மெல்லிய வலையைக் கேளுங்கள்.

மழைநீர்க் குழாய் வாயும் இதே கதைதான். பிளாஸ்டிக் குழாய்க்கும் சிமென்டுக்கும் ஒட்டுறவு கிடையாது. குழாயின் உள்வாயை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, வலையைப் பூ இதழ் போல நறுக்கி, இதழ்களைக் குழாய்க்குள் இரண்டு அங்குலம் மடித்து ஒட்ட வேண்டும். மேலே ஜாலி மூடி போட மறக்காதீர்கள். வேப்பிலை அடைத்து மாடி குளமானால் எந்தக் கோட்டிங்கும் பதில் சொல்லாது.

அடிக்கும் நாட்கள்

சென்னைப் பக்கம் இதற்குத் தோதான காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஆடி, ஆவணியில் பகலெல்லாம் வெயில் காய்ந்துவிட்டு மாலையில் இடியோடு கொட்டும். அடித்து நாலைந்து மணி நேரத்துக்குள் மழை வந்தால் பால் மாதிரிக் கரைந்து குழாய் வழியே தெருவுக்கு ஓடும். மே மாத நண்பகலும் ஆகாது. கால் வைக்க முடியாத தளத்தில் ரோலர் பட்டவுடன் மேல்தோல் காய்ந்துவிடும், உள்ளிருக்கும் ஈரம் துளைத்துக்கொண்டு வெளிவந்து குண்டூசி ஓட்டைகளாக நிற்கும். காலை 6 முதல் 9 வரை, மாலை 4க்கு மேல். தை மாத மாலையில் அடிப்பதானால் பனி இறங்குவதற்கு முன் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்திருக்க வேண்டும்.

மாடியைச் சாக்கட்டியால் 100 சதுர அடிக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வேலையில் இது ஒன்றுதான் தந்திரம் என்று சொல்லத்தக்கது. லிட்டர் குவளையில் அளந்து, ஒரு கட்டத்துக்கு ப்ரைமர்: 1 லிட்டர் கோட்டிங், 1 லிட்டர் தண்ணீர். இதை ரோலரால் அல்ல, பிரஷ்ஷால் தேய்த்து இறக்க வேண்டும். அதன்பிறகு ஒரு கோட்டுக்குக் கட்டத்துக்கு 1 லிட்டர் 650 மில்லி, தண்ணீர் சேர்க்காமல். கட்டம் முடியும்போது குவளையில் மீதி இருந்தால் அதே கட்டத்தில் திரும்ப அடியுங்கள், அடுத்ததற்குக் கொண்டுபோகாதீர்கள். ரோலர் கனமாக இழுக்கிறதே என்று இடையில் தண்ணீர் விட்டால் மேலே போட்ட கனக் கணக்கு முழுக்கப் பாழ்.

முதல் கோட்டு கிழக்கு மேற்காக, அடுத்தது தெற்கு வடக்காக, மூன்றாவது மறுபடி கிழக்கு மேற்காக. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் இரவு. லேபிளில் 4 மணி நேரம் என்றிருக்கலாம், மூலையிலும் பள்ளத்திலும் அது போதாது. அவசரப்பட்டு ஒரே தடவையில் கெட்டியாக அப்பினால் வயல் வெடிப்பு மாதிரி வெடிக்கும். படிக்கட்டுக் கதவுக்கு எதிர் மூலையில் தொடங்கிக் கதவை நோக்கி வர வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறோம்.

புறநகரில் ஒரு ஆபத்து தனியாக உண்டு. மாடியை ஒட்டி மின்கம்பி போகும் தெருக்களில் ரோலருக்கு அலுமினியக் கழி மாட்டித் தூக்காதீர்கள். மரக் கழி அல்லது வெறும் கைப்பிடி. கம்பி பக்கம் வரும் ஓரத்தை உட்கார்ந்தபடி பிரஷ்ஷால் முடியுங்கள். ஈரக் கோட்டிங் வாழைப்பழத் தோலைவிட வழுக்கும், கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே இருந்தால் ஓரத்தில் நின்றபடி பின்னோக்கி நடக்க வேண்டாம்.

24 மணி நேரத்தில் நடக்கலாம். தண்ணீர் கட்டிச் சோதிக்க ஒரு வாரம் பொறுங்கள். குழாய் வாயைத் துணியால் அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் 24 மணி நேரம் நிறுத்தினால் போதும். கீழே புது ஈரம் வந்தால் முதலில் குழாய் வாயையும், பிறகு மூலையையும் சந்தேகியுங்கள். நடுத்தரை பெரும்பாலும் நிரபராதி.

அடித்தபின் எப்படி நடந்துகொள்கிறது

வெயிலில் வெள்ளைத் தளம் கருத்த தளத்தைவிட வெகுவாகக் குறைந்த சூட்டில் இருப்பது காலை வைத்தாலே தெரியும். தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்ததற்கு இந்த இயல்புதான் காரணம். கீழே அறையில் இரவு ஃபேன் காற்று அவ்வளவு அனலாக வராது. ஆனால் டெரகோட்டா, சாம்பல் நிறம் அழகாக இருக்கிறதென்று வாங்கினால் இந்தப் பலன் பெரும்பகுதி போய்விடும், மழைக்கு மட்டும்தான் ஆகும். வெள்ளையிலும் புழுதி படிந்தால் பலன் குறையும். மாதம் ஒருமுறை பெருக்கி, தண்ணீர் அடித்துவிட வேண்டும். கம்பி பிரஷ் இனி மாடிப் பக்கமே வரக் கூடாது.

குறைகளும் உண்டு. இது நடமாட்டத்துக்கான தரை இல்லை. துணி காயப்போடப் போய்வருவது சரி, கட்டில் இழுப்பது, தண்ணீர் டிரம் உருட்டுவது கூடாது. நாற்காலிக் கால் கிழிக்கும். வடகம், மிளகாய் காயவைப்பதானால் பாய் விரித்து அதன்மேல்தான். தீபாவளிக்கு மாடியில் புஸ்வாணமும் சங்கு சக்கரமும் விட்டால் ஒவ்வொன்றும் ஒரு கருகிய ஓட்டை, அதுவும் சரியாக வடகிழக்குப் பருவமழை உச்சத்தில். ஒரு பழைய தகரமோ ஓடோ வைத்து அதன்மேல் கொளுத்தச் சொல்லுங்கள். கார்த்திகை அகலுக்கும் அதே ஏற்பாடு.

வாளியில் அச்சிட்ட இத்தனை வருட வாரண்டியை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். சிறிய எழுத்தைப் படித்தால் பரப்பு சுத்தம், கோட்டு எண்ணிக்கை, பில், சில இடங்களில் கம்பெனி அங்கீகரித்த ஆள் என்று நிபந்தனைகள் வரிசையாக நிற்கும். கிடைத்தாலும் பெரும்பாலும் சரக்குதான் தருவார்கள், உங்கள் உழைப்பை இல்லை. ஒழுங்காகக் கழுவி, 6 லிட்டர் கணக்கில் அடித்த மாடிக்கு இந்த வகைச் சரக்கை 10க்கு 8 என்போம். சுண்ணாம்புப் பொடிமேல் ஒரு வாளியை இழுத்து அடித்ததற்கு 2கூட அதிகம்.

கொப்புளம் வந்தால் பயப்பட வேண்டாம். பிளேடால் குறுக்கு வெட்டு போட்டு நாலு மடலையும் விரித்து, உள்ளே காய்ந்தபின் மடலை ஒட்டி, மேலே வலைத்துண்டு வைத்து இரண்டு கோட்டு. அதற்குத்தான் மிச்சம் இருக்கும் அந்த ஒரு லிட்டர். அதை வாளியிலேயே விடாமல் வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி, மேல்பரப்பில் ஒரு பாலித்தீன் துண்டை ஒட்டினாற்போல் அழுத்தி, மூடி, நிழலில் வையுங்கள். எடுக்கும்போது மேலே ஆடை கட்டியிருந்தால் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். புளித்த வாடை அடித்தாலோ கட்டி கட்டியாக இருந்தாலோ கொட்டிவிட்டுப் புது லிட்டர் வாங்குங்கள். ஹால் சீலிங்குக்குப் பெயின்ட் அடிக்கும் ஆசையை ஒரு மழைக்காலம் கழியும்வரை தள்ளிப்போடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் மெதுவாகத்தான் இறங்கும், பழைய உப்பு இன்னும் கொஞ்ச நாள் பூத்துக்கொண்டுதான் இருக்கும். பென்சிலால் அந்தப் பழுப்பு வட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டால், கார்த்திகையில் ஈரம் கோட்டைத் தாண்டியதா என்று பார்த்துக்கொள்ளலாம்.